பாரம் போகும் வழி: மாற்றியமைத்த பழைய பாய்ப்படகைச் சோதித்தல்

மரம் ஏன் விழுவதில்லை?

கரையில் நின்று பாய்ப்படகைப் பார்ப்பவருக்கு முதலில் எழும் கேள்வி, அதன் பாய்மரம் ஏன் ஒடிந்து விழுவதில்லை என்பதுதான். படகின் நீளம் ஒன்பது, பத்து மீட்டர் இருக்கும். மரத்தின் உயரம் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல். இருபது சதுர மீட்டருக்கு மேற்பட்ட பாய் காற்றை முழுக்க வாங்கிக்கொண்டு மரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அவ்வளவையும் நிமிர்த்திப் பிடிப்பவை சுண்டுவிரல் தடிப்புக்கூட இல்லாத சில கம்பிகள்.

இரண்டாவது கேள்வி, பழைய படகு வாங்க வருபவருக்கு உரியது. வேகம் வேண்டி மரத்தை உயர்த்தியவர்கள் உண்டு; தனியாக ஓட்ட எளிதாக இருக்கட்டும் என்று குறைத்தவர்களும் உண்டு. இரண்டு மரத்தில் ஒன்றைக் கழற்றிவிட்டவர்கள், நடைபாதை வேண்டுமென்று கம்பிகளை உள்ளே தள்ளிப் பொருத்தியவர்கள் என்று விற்பனைக்கு வரும் படகுகளில் எல்லா வகையும் இருக்கும். படகைக் கட்டியவர் போட்ட கணக்கு அப்படிப்பட்ட படகுக்குப் பொருந்தாது. அதை எதைக் கொண்டு நம்புவது?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. காற்றின் விசை பாயில் தொடங்கி, மரத்துக்கும் கம்பிக்கும் போய், அங்கிருந்து படகின் உடலுக்கு இறங்கி, அடியில் இருக்கும் பாரத்தோடு மல்லுக்கு நின்று அடங்குகிறது. அந்த வழியில் ஓரிடத்தில் செய்த மாற்றம் அந்த இடத்தோடு நிற்பதில்லை. வழி நெடுகிலும் சுமை மாறுகிறது. ஆகவே மாற்றியமைத்த படகைச் சோதிப்பது என்றால், அந்த வழியைத் தலையிலிருந்து அடிவரை தொடர்ந்து போய்ப் பார்ப்பதுதான்.

வல்வெட்டித்துறையில் வாங்கிய கப்பல்

பழைய படகு என்றாலே ஆபத்து என்ற எண்ணத்தை இலங்கையின் கடல் வரலாறே மறுக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டில் கட்டப்பட்ட மரக்கப்பல் அன்னபூரணி. வேப்ப மரம் அதில் பெருமளவு பயன்பட்டது. இரண்டு பாய்மரங்களும் ஏறத்தாழ 89 அடி நீளமும் கொண்ட அந்தக் கப்பலை, சில ஆண்டுகள் ஓடிய பிறகு, அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். அவர் 1928 முதல் 1931 வரை சுவாப் என்ற சிறிய பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர். படகின் எந்த உறுப்பு எங்கே நோகும் என்பதைப் பல்லாயிரம் மைல் கடலில் படித்தவர் என்பதால், அவருடைய தெரிவுக்குப் பொருள் உண்டு.

தன் மனைவியின் பெயரால் கப்பலுக்கு அவர் புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று புதுப் பெயர் சூட்டினார். தண்டையல் (கப்பல் தலைவர்) கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதைச் செலுத்திச் சென்றனர். செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் ஆகியவற்றைக் கடந்து, 1938 ஆகஸ்ட் மாதம் கப்பல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

வயது படகுக்குக் குறை அல்ல. உடலும் மரமும் பாயும் ஒன்றுக்கொன்று அளவாக இருந்து, பராமரிப்பும் தவறாதிருந்தால், பழைய படகு பெருங்கடலைத் தாண்டும். மாற்றியமைத்த படகில் சோதிக்க வேண்டியது அந்த அளவுப் பொருத்தம் கெட்டிருக்கிறதா என்பதையே.

சில பெயர்கள்

மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிகளைத் தாங்குகம்பிகள் எனலாம். இருபக்கமும் இறங்குபவை பக்கக் கம்பிகள். முன்னும் பின்னும் இறங்குபவை முன்கம்பி, பின்கம்பி. பக்கக் கம்பியை மரத்திலிருந்து விலக்கிப் பிடிக்கும் குறுக்குத் துண்டு விரிகழி. கம்பியின் கீழ்முனையைப் படகோடு பிணைக்கும் உலோகத் துண்டு பிடிதகடு. அது மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே சென்று, படகின் உள்ளே இருக்கும் குறுக்குச்சுவரில் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். மரத்தின் அடி ஊன்றும் இடம் மரப்பாதம். படகின் முதுகெலும்பு ஏரா. அதில் சேர்ந்திருக்கும் ஈயம் அல்லது இரும்பு அடிபாரம். காற்று படகைச் சாய்க்கும்போது திரும்ப நிமிர்த்துவது இந்த அடிபாரமும் படகின் அகலமும்தான்.

மூன்று மீட்டர் உயர்த்தினால்

ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரு படகின் முக்கோணப் பாய் 9 மீட்டர் உயரமும் அடியில் 4 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் பரப்பு 18 சதுர மீட்டர். முன்னைய உரிமையாளர் நீளமான மரத்தை நட்டு, பாயின் உயரத்தை 12 மீட்டர் ஆக்கினார். அடி அகலம் மாறவில்லை. புதிய பரப்பு 24 சதுர மீட்டர். பாய் மூன்றில் ஒரு பங்கு கூடியது என்று விற்பவர் சொல்வார், அது உண்மை. ஆனால் படகைச் சாய்க்கும் வலிமை அதைவிட அதிகமாகக் கூடியிருக்கும்.

சாய்க்கும் வலிமை இரண்டு அளவுகளின் பெருக்கம்: பாய் வாங்கும் விசை ஒன்று, அந்த விசை எவ்வளவு உயரத்திலிருந்து தள்ளுகிறது என்பது மற்றொன்று. முக்கோணப் பாயில் விசையின் நடுப்புள்ளி அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். பழைய பாயில் அது 3 மீட்டர், புதிய பாயில் 4 மீட்டர். பாயின் அடியிலிருந்து, நீருக்குள் படகின் உடல் எதிர்த்து நிற்கும் நடுப்புள்ளி வரை இன்னும் 2 மீட்டர் என்று கூட்டினால், நெம்பும் நீளம் முன்பு 5 மீட்டர், இப்போது 6 மீட்டர்.

காற்று மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்போது, அதாவது 20 நொட் காற்றில், ஒரு சதுர மீட்டர் பாய்க்கு 8 கிலோ பக்கத் தள்ளல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். பழைய பாயில் 18ஐ 8ஆல் பெருக்க 144 கிலோ. அதை 5 மீட்டரால் பெருக்க 720. புதிய பாயில் 24ஐ 8ஆல் பெருக்க 192 கிலோ. அதை 6 மீட்டரால் பெருக்க 1152. பாய் கூடியது நூற்றுக்கு 33. சாய்க்கும் வலிமை கூடியது நூற்றுக்கு 60.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். இந்த விதியை வைத்துப் பார்த்தால், 20 நொட் காற்றில் பழைய மரத்துக்கு நேர்ந்த சாய்வு புதிய மரத்துக்கு 16 நொட் காற்றிலேயே நேர்ந்துவிடும். முன்பு பாயைச் சுருக்கத் தேவையில்லாத காற்றில் இப்போது சுருக்கியாக வேண்டும். வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்து பிறக்கிறது: எத்தனை நொட் காற்றில் முதல் சுருக்கு? மாற்றத்துக்கு முன் எத்தனை, பின் எத்தனை? இதற்கு நேரான பதில் சொல்ல முடியாத உரிமையாளர் தன் படகை அறியாதவர்.

சுமை கம்பிக்கு இறங்குகிறது

சாய்க்கும் வலிமையை எதிர்த்து இழுப்பது காற்றுப் பக்கத்துக் கம்பி. மரத்துக்கும் பிடிதகட்டுக்கும் உள்ள அகலம் இங்கே முக்கியம். அந்த அகலம் 1.2 மீட்டர் என்றால், 720ஐ 1.2ஆல் வகுக்க, பழைய அமைப்பில் கம்பியின் இழுவை ஏறத்தாழ 600 கிலோ. உயர்த்திய மரத்தில் 1152ஐ 1.2ஆல் வகுக்க 960 கிலோ. நடைபாதைக்காகப் பிடிதகட்டை 20 சென்டிமீட்டர் உள்ளே தள்ளியிருந்தால் அகலம் 1 மீட்டர். இழுவை 1152 கிலோ. தனித்தனியே பார்த்தால் சிறிதாகத் தெரியும் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து கம்பியின் சுமையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிட்டன.

அகலம் குறைந்தால் இழுவை ஏன் கூடுகிறது என்பதை ஊவா மலைத்தோட்டக்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். கொழுந்து மூட்டைகளைச் சரிவிலிருந்து தொழிற்சாலைக்கு இறக்கக் கட்டிய கம்பி வடத்தில், வடம் தொய்வாக இருந்தால் மூட்டையின் எடையைச் சுலபமாகத் தாங்கும். அதே வடத்தை விறைப்பாக இழுத்துக் கட்டினால் அதே மூட்டைக்குப் பல மடங்கு இழுவை ஏறும். சுமையின் திசைக்கும் கம்பியின் திசைக்கும் இடையில் கோணம் விரிய விரியக் கம்பி சிரமப்படும். பாய்மரத்தில் சுமை பக்கவாட்டில் வருகிறது. கம்பி மரத்தை ஒட்டிச் செங்குத்தாக நிற்க நிற்க, அந்தக் கோணம் விரிந்து, இழுவையும் ஏறுகிறது.

6 மில்லிமீட்டர் தடிப்புள்ள, பத்தொன்பது இழைகளை முறுக்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பி புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 3 டன் இழுவையில் அறும். 600 கிலோவுக்கு அது ஐந்து மடங்கு பாதுகாப்பு. 1152 கிலோவுக்கு இரண்டரை மடங்குதான். அலையில் படகு குத்தி விழும்போது சுமை ஒரு நொடிக்குப் பல மடங்கு எகிறும் என்பதால் அந்த இரண்டரை மடங்கு போதாது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. இலேசான படகு பலத்த காற்றில் சாய்ந்து கொடுக்கும். சாயும்போது பாயிலிருந்து காற்று வழிந்துவிடும். சாய்வைக் குறைக்க வேண்டி உரிமையாளர் அடிபாரத்தையும் கூட்டியிருந்தால், படகு வளைந்துகொடுக்காமல் விறைத்து நிற்கும். அப்போது முழுச் சுமையும் கம்பிக்கும் பிடிதகட்டுக்கும் போகும். உயர்த்திய மரமும் கூட்டிய பாரமும் உள்ள படகில் பழைய பிடிதகடுகளே இருந்தால், அந்த ஒன்றே வாங்குபவரை நிறுத்த வேண்டிய அறிகுறி. கயிற்றால் தாங்கிய பழைய மரப்படகில் கயிற்றை எடுத்துவிட்டு எஃகுக் கம்பி போட்டாலும் இதே விளைவுதான். கயிறு நீண்டு அதிர்ச்சியை விழுங்கும். கம்பி நீளாது; அதிர்ச்சியை உடலுக்கே அனுப்பிவிடும்.

துரு ஒளியும் இடம்

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை அப்படியே நம்பக் கூடாது. அதன் மேற்பரப்பில் குரோமியமும் ஒட்சிசனும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகிறது. எஃகைக் காப்பது அந்தப் படலமே. கீறல் விழுந்தாலும், காற்றுப் படும் இடத்தில் அது தானாக ஆறிவிடும். காற்றுப் படாமல் உப்புநீர் தேங்கும் இடுக்குகளில் ஒட்சிசன் கிடைக்காது, படலம் ஆறாது, எஃகு உள்ளிருந்து அரிக்கப்படும். ஆகையால் வெயிலில் பளபளக்கும் பகுதி பெரும்பாலும் நலமாகவே இருக்கும். மேல்தளத்தைப் பிடிதகடு துளைக்கும் அந்த ஒரு விரற்கடை இடமும், கம்பியின் முனை உலோகக் குழலுக்குள் நுழையும் இடமும்தான் நோய் தங்கும் இடங்கள்.

காற்றில்லாப் பக்கத்துக் கம்பி ஒவ்வொரு அலைக்கும் தளர்ந்து இறுகுகிறது. ஆயிரமாயிரம் முறை இப்படி நடந்தபின், உடைவிசையை எட்டாத சுமையிலேயே இழை அறும். இதை உலோகக் களைப்பு என்பர். கடலோடும் படகுகளில் தாங்குகம்பிகளை 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் முழுமையாக மாற்றுவது வழக்கம். வெப்பமும் உப்பும் மிகுந்த வெப்பமண்டலக் கடல்களில் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

மேலிருந்து கீழாக

சோதனையைப் பாரம் போகும் வரிசையிலேயே செய்ய வேண்டும். முதலில் மரத்தின் உச்சி. தகுந்த ஒருவர் பாதுகாப்புக் கச்சை அணிந்து ஏறிப் பார்க்க வேண்டும். மரத்தைக் கழற்றிக் கிடத்திப் பார்த்தால் இன்னும் நல்லது. கம்பி மரத்தில் சேரும் துளைகள் நீள்வட்டமாகியுள்ளனவா, ஊசிகள் தேய்ந்துள்ளனவா, விரிகழிகள் இருபுறமும் ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அலுமினிய மரத்தில் எஃகு ஆணியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால், இரண்டு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்து அலுமினியத்தைத் தின்கின்றன என்று பொருள். மரத்தாலான பாய்மரத்தில் ஒட்டுகளையும் நீர் தேங்கும் அடியையும் தட்டிப் பார்த்து, மந்தமான ஒலி கேட்கும் இடத்தில் கூர்முனையால் குத்திப் பார்க்க வேண்டும்.

மரத்தை நீட்டியோ வெட்டியோ இருந்தால், இணைப்பு எங்கே இருக்கிறது, உள்ளே எவ்வளவு நீளத்துக்கு உறை போட்டிருக்கிறது, இணைப்புக்கும் விரிகழிக்கும் எவ்வளவு தூரம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கம்பி. பழைய துணியால் கம்பியை நெடுக வழித்தால், அறுந்த ஒற்றை இழைகூடத் துணியில் சிக்கும். வெறுங்கையால் வழிக்கக் கூடாது. ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பியைக் கழிக்க வேண்டும். முனைக்குழல்களில் நெடுக்கு வெடிப்பும் பழுப்புக் கசிவும் உண்டா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். வெடிப்பைக் காட்டும் சாயத் திரவத்தைத் தடவித் துடைத்தால், கண்ணுக்குத் தெரியாத பிளவும் கோடாகத் தெரியும்.

பிறகு பிடிதகடு. மாற்றியமைத்த படகில் குறைந்தது ஒரு பிடிதகட்டையாவது கழற்றிப் பார்க்க விற்பவர் இணங்க வேண்டும். வெளியே தெரியும் பகுதி எதையும் சொல்லாது. மேல்தளத்துக்குள் மறைந்த பகுதியே உண்மை சொல்லும். இடம் மாற்றிய தகட்டுக்கு உள்ளே பழைய குறுக்குச்சுவர் இல்லாதிருந்தால், இழுவையை வாங்கும் புதிய பிடிமானம் எது என்று கேட்க வேண்டும். மேல்தளத்தின் மெல்லிய கண்ணாடியிழையில் மட்டும் தகட்டைப் பொருத்தியிருந்தால், அது கட்டுமானமே அல்ல.

தகட்டைச் சுற்றிய மேல்தளத்தைச் சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால், திடமான இடம் கணீரென்றும் உள்ளே ஊறிய இடம் மந்தமாகவும் ஒலிக்கும். குறுக்குச்சுவரில் கறுத்த நீர்க்கறை கீழ்நோக்கி ஓடியிருந்தால், பலகை உளுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக மரப்பாதமும் ஏராவும். கம்பிகள் மேலே இழுக்கும் அளவுக்கு மரம் கீழே அழுத்துகிறது. இழுவை இரட்டித்த படகில் அழுத்தமும் இரட்டிக்கும். மரப்பாதத்தைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருக்கிறதா, கம்பிகளை இறுக்கியதும் உள்ளறைக் கதவுகள் மூட மறுக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கதவு இறுகினால் படகின் உடல் வளைகிறது என்று பொருள். ஏராவின் போல்ட்டுகளைச் சுற்றித் துருக்கசிவும், ஏரா உடலோடு சேரும் கோட்டில் பிளவும் இருந்தால் விசாரணை அங்கேயும் தொடர வேண்டும்.

குட்டையாக்கிய மரம் தந்த பாடம்

மாற்றம் எல்லாமே கெடுதல் அல்ல. 2018ஆம் ஆண்டின் கோல்டன் குளோப் உலகச் சுற்றுப் போட்டியில் பிரான்சின் ழான் லுக் வான் டென் ஹீட், ரஸ்லர் 36 வகைப் படகொன்றில் கலந்துகொண்டார். தென்சமுத்திரக் காற்றை எண்ணி, புறப்படுமுன்பே மரத்தை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் குறைத்திருந்தார். மேலே கூறிய கணக்கின்படி அது அறிவார்ந்த மாற்றம்.

இருந்தும் அவ்வாண்டு நவம்பரில் தென்பசிபிக்கில் பேரலை படகைக் கவிழ்க்கும் அளவுக்குச் சாய்த்தபோது மரம் ஆபத்துக்குள்ளானது. கீழ்ப் பக்கக் கம்பிகளை மரத்தில் பிடித்திருந்த போல்ட் கீழிறங்கி, மரச்சுவரைச் சில சென்டிமீட்டர் கிழித்துவிட்டது. எழுபதைத் தாண்டிய அவர் நடுக்கடலில் மரத்தில் ஏறித் தற்காலிகமாகச் செப்பனிட்டு, 2019 ஜனவரி 29 அன்று முதலாவதாகக் கரை சேர்ந்தார். அதே போட்டியில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் துரியா படகு உருண்டு மரம் ஒடிந்ததும், முதுகெலும்பில் காயமுற்ற அவர் மீட்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

பாயும் உயரமும் சரியாகக் குறைக்கப்பட்ட அமைப்பிலும் சுமை சேரும் ஒரு துளை முழு மரத்தையும் பணயம் வைக்கும். மாற்றத்தின் நோக்கம் நல்லதா என்று மட்டும் கேட்டுச் சோதனையை முடிக்க முடியாது.

நீரில் இரண்டு சோதனைகள்

முதலாவது துறைமுகத்திலேயே செய்யக்கூடியது. நான்கு பேர் படகின் ஒரு விளிம்பில் நின்று சாய்வைக் கோணமானியால் அளக்க வேண்டும். மாற்றம் செய்யாத அதே வகைப் படகிலும் அதே நால்வர் நின்று அளந்தால், நிமிரும் ஆற்றல் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது தெரியும். சுவீடனின் போர்க்கப்பல் வாசா 1628ஆம் ஆண்டில் இத்தகைய சோதனைக்கு உட்பட்டது. முப்பது மாலுமிகள் மேல்தளத்தில் குறுக்கே ஓடினார்கள். கப்பல் அபாயமாக ஆடியதால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. சோதனை உண்மையைச் சொல்லியும் கப்பல் கடலுக்கு அனுப்பப்பட்டது. ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே ஸ்டொக்ஹோம் துறைமுகத்தில் அது மூழ்கியது.

இரண்டாவது கடலில் ஓர் ஓட்டம். 12 முதல் 15 நொட் காற்றில், முழுப் பாயுடன், காற்றை எதிர்த்துச் சாய்வாக ஓட்ட வேண்டும். மரத்தின் அடியில் கண்ணை வைத்து மேலே பார்த்தால் மரம் நேர்கோடாகத் தெரிய வேண்டும். நடுவில் பக்கவாட்டு வளைவு இருந்தால் கம்பிகளின் இறுக்கமோ அமைப்போ தவறு. காற்றில்லாப் பக்கத்துக் கம்பி தொங்கி ஊசலாடக் கூடாது. சுக்கானை விட்டால் படகு மெல்லக் காற்றை நோக்கித் திரும்புவது நல்ல குணம். சுக்கானை இரண்டு கைகளால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால், பாயின் நடுப்புள்ளி பின்னுக்கு நகர்ந்திருக்கலாம், அல்லது படகு அளவுக்கு மீறிச் சாயலாம். படகு காற்றை விட்டு விலகி ஓடினால் நடுப்புள்ளி முன்னுக்கு நகர்ந்திருக்கிறது. பின்மரத்தைக் கழற்றிய இரட்டை மரப் படகுகளில் இது அடிக்கடி காணப்படும்.

தீர்ப்பு

சோதனை முடிந்ததும் கையில் மூன்று ஆவணங்கள் இருக்க வேண்டும்: மாற்றத்துக்கான வரைபடமும் கணக்கும், கம்பி மாற்றிய தேதியைக் காட்டும் பற்றுச்சீட்டு, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு படகுப் பரிசோதகரின் அறிக்கை. வரைபடம் தகுதியுள்ள படகு வடிவமைப்பாளருடையதாக இருந்து, பிடிதகடு, குறுக்குச்சுவர், மரப்பாதம் ஆகியவையும் மரத்தோடு சேர்த்து வலுப்படுத்தப்பட்டிருந்தால், மாற்றியமைத்த படகை நம்பி வாங்கலாம். உடல் நலமாக இருந்து கம்பிகள் மட்டும் பழையன என்றால், அவற்றை முழுவதும் மாற்றும் செலவை விலையில் கழித்து வாங்கலாம். மரம் மட்டும் மாறி, கீழே எதுவும் மாறாதிருந்தால், விலை எவ்வளவு மலிந்தாலும் அந்தப் படகை விட்டுவிட வேண்டும். பிடிதகட்டைக் கழற்றிப் பார்க்க அனுமதிக்காத விற்பனையாளரிடம் முற்பணம் கொடுக்கக் கூடாது.